வெளியில் வாங்கிய சாமானை மெக்கானிக்கிடம் மாட்டச் சொல்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செயின் செட், டிஸ்க் பேட், எல்இடி லைட் எல்லாம் இப்போது வீட்டு வாசலுக்கே வந்துவிடுகின்றன. மாட்டுவதற்கு மட்டும் மெக்கானிக் கடைக்குத்தான் போகவேண்டும். கையில் பார்சலோடு அங்கே போய் நிற்கும்போது பலருக்கும் ஒரு சங்கடம் வருகிறது. சென்னையிலும் மற்ற ஊர்களிலும் தெருமுனை மெக்கானிக்கிடம் பைக்கை விடுபவர்களை மனதில் வைத்தே இதை எழுதியிருக்கிறேன். கம்பெனி சர்வீஸ் சென்டர் பற்றியும் ஒரு கேள்வி நடுவில் வருகிறது.

வெளியில் வாங்கிய சாமானைக் கொண்டுபோய் மாட்டச் சொல்வதே தப்பா?

தப்பே இல்லை. நம் ஊரில் பல மெக்கானிக்குகள் சாமானை இருப்பு வைத்துக்கொள்வதே கிடையாது. வண்டியைப் பார்த்துவிட்டு ஒரு துண்டுச் சீட்டில் ‘கிளட்ச் கேபிள் 1, பின் பிரேக் ஷூ 1 செட், ஆயில் 1 லிட்டர்’ என்று எழுதித் தருவார். நாம் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய் வாங்கி வந்து கொடுப்போம். காலம்காலமாக நடப்பதுதான்.

ஆனால் அந்த முறையில் என்ன சாமான், எந்தக் கம்பெனி, எந்தக் கடை என்று முடிவு செய்தவர் அவர். காசு கொடுத்து வாங்கி வருவது மட்டும்தான் நம் வேலை. ஆன்லைனில் நாமே பார்த்து வாங்கிக்கொண்டு போகும்போது முடிவு நம்முடையதாகிவிடுகிறது, பொறுப்பு மட்டும் அவர் தலையில் இருக்கிறது. சங்கடம் அங்கேதான் தொடங்குகிறது.

மெக்கானிக் முகம் சுளிப்பது ஏன்? மாட்டுகிற வேலை ஒன்றுதானே?

மூன்று காரணங்கள் உண்டு. மூன்றுமே நியாயமானவை.

முதலாவது காசு. ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் மெக்கானிக்குக்கு எம்ஆர்பியில் இருந்து கொஞ்சம் குறைத்துக் கொடுப்பார். மெக்கானிக் நம்மிடம் எம்ஆர்பியையே வாங்குவார். அந்த வித்தியாசத்தில்தான் கடை வாடகை, கரண்ட் பில், கூட வேலை செய்யும் பையன்களின் சம்பளம் எல்லாம் ஓடுகின்றன. லேபர் (வேலைக்கூலி) குறைவாக இருப்பதும் அதனால்தான். நாம் சாமானை வெளியில் வாங்கினால் அந்த வித்தியாசம் அவருக்குக் கிடைப்பதில்லை, பழைய லேபரை மட்டும் நீட்டுகிறோம். டெய்லரிடம் துணி எடுத்துக்கொண்டு போனால் அவர் முகம் மாறாது. தையற்கூலியை வைத்தே பிழைக்கிறவர் அவர், அந்தக் கூலியை முழுதாக வாங்கிவிடுவார். மெக்கானிக்கின் கணக்கு அப்படி அமையவில்லை.

இரண்டாவது இடமும் நேரமும். வண்டியைப் பிரித்த பிறகு சாமான் சேரவில்லை என்று தெரிந்தால், பிரித்த வண்டி அங்கேயே கிடக்கும். நான்கு வண்டி நிறுத்தவே இடமில்லாத கடையில் அது பெரிய விஷயம். அவர் சொன்ன கடையில் வாங்கியது என்றால் பையனை சைக்கிளில் அனுப்பி அரைமணி நேரத்தில் மாற்றிக்கொள்வார். ஆன்லைன் சாமானுக்கு அது நடக்காது.

மூன்றாவதுதான் அவர்களை மிகவும் உறுத்துவது: பழி. மட்டமான பேட் போட்டு பிரேக் பிடிக்கவில்லை என்றால், ‘அந்த மெக்கானிக்கிட்ட விட்டேன், பிரேக்கே போச்சு’ என்றுதான் தெருவில் பேச்சு வரும். பேட் எங்கே வாங்கியது என்று யாரும் கேட்கப்போவதில்லை. தெருமுனைக் கடைக்கு விளம்பரமே அந்தத் தெருவின் பேச்சுதான்.

எப்போது, எப்படிக் கேட்பது?

வாங்குவதற்கு முன்னால் கேளுங்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். பார்சலோடு போய் நின்றால் ‘முடியாது’ என்று சொல்ல அவருக்குக் கூச்சம், கேட்க நமக்கும் கூச்சம். முன்கூட்டியே ஒரு போன் போட்டால் இரண்டும் இல்லை.

“அண்ணா, டிஸ்க் பேட் மாத்தணும். நான் வாங்கிட்டு வரட்டுமா, நீங்களே போட்டுடுறீங்களா? நான் வாங்கினா எந்தக் கம்பெனி வாங்கட்டும்?”

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். அவருடைய அனுபவத்துக்கு நாம் இடம் கொடுக்கிறோம் என்று அதில் தெரியும். “அந்தக் கம்பெனி வேணாம் தம்பி, சத்தம் போடும்” என்று ஒரு வார்த்தை சொன்னாலும் நமக்கு லாபம். ‘பாய்’ என்று கூப்பிட்டுப் பழகிய கடையில் ‘பாய்’, ‘அண்ணே’ என்று பழகிய ஊரில் ‘அண்ணே’. வயதில் சின்னவராக இருந்தாலும் வேலை தெரிந்தவரை ‘நீங்க’ என்றே பேசுங்கள்.

லேபர் எவ்வளவு கொடுக்கவேண்டும்?

வழக்கமான லேபரைவிடக் கூடுதலாக. எவ்வளவு கூடுதல் என்பதை அவரே சொல்லட்டும், வேலை தொடங்குவதற்கு முன்பே சொல்லட்டும். “சாமான் என்னோடது, அதனால லேபர் எவ்வளவோ சேர்த்தே சொல்லுங்க” என்று நாமே வாய்விட்டுச் சொல்லிவிடுவது நல்லது. பலரும் வருடக்கணக்காகப் பழகியவர்களிடம் கூடுதலாகக் கேட்கத் தயங்குவார்கள். தயங்கிவிட்டு, அடுத்த முறை நம் வண்டியைக் கடைசியாகத் தொடுவார்கள்.

அவர் சொல்லும் தொகை ஆன்லைனில் மிச்சம் பிடித்ததை விழுங்கிவிடுகிறது என்றால், அந்தச் சாமானை அவரிடமே வாங்கிவிடுவதுதான் புத்திசாலித்தனம். உத்தரவாதமும் சேர்ந்தே கிடைக்கும். லேபரில் பேரம் பேசாதீர்கள். சாமானில் ஏற்கெனவே மிச்சம் பிடித்தாயிற்று, கூலியிலும் பிடிப்பது அழகில்லை.

‘இது ஆன்லைன்ல 300 ரூபாய் கம்மி’ என்று போனை எடுத்துக் காட்டலாமா?

வேண்டாம். அவர் எம்ஆர்பிக்கு மேல் வாங்கினால் தாராளமாகக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. எம்ஆர்பிக்குள் இருந்தால் அந்த 300 ரூபாய்தான் அவர் பிழைப்பு.

சாமான் நம் வண்டிக்குச் சேருமா என்று வாங்கும்முன் எப்படித் தெரிந்துகொள்வது?

பாதிச் சண்டைகளை இங்கேயே தவிர்த்துவிடலாம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஆர்சி புத்தகத்தை எடுத்து, வண்டி தயாரான மாதமும் வருடமும் பாருங்கள். வண்டியின் பெயர் மட்டும் போதாது. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது பெரும்பாலான பைக்குகளில் கார்புரேட்டர் போய் ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் வந்தது. பெயர் அதேதான், ஆனால் வயரிங், ஏர் ஃபில்டர், சைலன்சர் பலவும் வேறு. அதற்கு முன்பே, 2019 ஏப்ரலில் இருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) கட்டாயமானது. ஏபிஎஸ் வண்டியின் வீல் அருகே சென்சாரும் அதற்கான பல் வளையமும் இருக்கும். ஏபிஎஸ் இல்லாத மாடலின் வீலையோ டிஸ்க்கையோ மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கினால் சென்சாருக்கு வழி இருக்காது.

பழைய சாமானிலோ அதன் அட்டைப்பெட்டியிலோ பார்ட் நம்பர் இருந்தால் அதை வைத்தே தேடுங்கள். படத்தைப் பார்த்து வாங்குவதைவிட அது எவ்வளவோ மேல். டிஸ்க் பேட் விஷயத்தில் இது ரொம்ப முக்கியம். ஒரே வண்டிக்கு வெவ்வேறு வருடங்களில் வெவ்வேறு காலிப்பர் (பேட்டை டிஸ்க்கோடு அழுத்தும் பாகம்) வந்திருக்கலாம், பேட்டின் வடிவமும் அதோடு மாறும்.

செயின் செட் என்றால் மூன்று கணக்கு உண்டு: செயின் அளவு (428, 520 போல), கண்ணி எண்ணிக்கை, முன் பின் ஸ்ப்ராக்கெட்டின் (செயின் ஓடும் பல்சக்கரம்) பல் எண்ணிக்கை. மூன்றும் ஒத்துப்போக வேண்டும். செயினை மட்டும் புதிதாக வாங்கி, தேய்ந்த பழைய ஸ்ப்ராக்கெட் மேல் போடச் சொல்லாதீர்கள். மெக்கானிக் மறுத்தால் அவர் சொல்வதுதான் சரி, புதுச் செயினும் சீக்கிரம் வீணாகிவிடும். கோயம்புத்தூர் எல்ஜிபி நிறுவனத்தின் ரோலான் போன்றவை எந்த ஊர் ஸ்பேர் கடையிலும் கிடைக்கும் என்பதால், செயினுக்காக ஆன்லைன் போகும் அவசியமே பெரும்பாலும் வராது என்பது என் எண்ணம்.

பல்பு: சின்ன வண்டிகள் பலவற்றில் வருவது 35/35 வாட் எச்எஸ்1. பெரிய வண்டிகளில் வரும் எச்4, 60/55 வாட். பார்வைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும். அதிக வாட் பல்பைப் பழைய வயரிங்கில் போட்டால் சூட்டில் ஹோல்டரும் ரிஃப்ளெக்டரும் கெடும். வெளிச்சம் வேண்டும் என்றால் என்ன செய்யலாம் என்று எலெக்ட்ரீஷியனிடமே முதலில் கேளுங்கள்.

ஆயில்: கியர் வண்டிகளில் பெரும்பாலும் கிளட்ச்சும் இன்ஜின் ஆயிலிலேயே மூழ்கி ஓடுகிறது. டப்பாவில் ஜேஸோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற பைக் ஆயில் தரக் குறியீடு இருக்கவேண்டும். 10டபிள்யூ-30, 20டபிள்யூ-40 என்ற எண்ணை வண்டிக் கையேட்டில் பாருங்கள். வீட்டில் காருக்கு வாங்கி மீந்த ஆயிலைக் கொண்டுபோய் ஊற்றச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். காருக்கான ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் பொருள் சேர்த்திருப்பார்கள், அதில் கிளட்ச் வழுக்கும்.

பிரேக் ஆயிலுக்கு டாட் 3, டாட் 4 என்று மாஸ்டர் சிலிண்டர் மூடியிலேயே எழுதியிருக்கும். அதைப் படித்தால் போதும்.

எதை நாமே வாங்கலாம், எதை அவரிடம் விட்டுவிடுவது நல்லது?

மொபைல் ஹோல்டர், கண்ணாடி, கிராஷ் கார்டு, சீட் கவர், லக்கேஜ் கேரியர் எல்லாம் உங்கள் விருப்பம். மாட்டித் தருவதில் யாருக்கும் வருத்தம் இருக்காது. சென்னையில் ஜிபி ரோட்டில் வாங்கினால் பெரும்பாலும் வாங்கிய கடையிலேயே மாட்டித் தந்துவிடுவார்கள், நம் மெக்கானிக்கைத் தொந்தரவு செய்யவே வேண்டாம்.

இன்ஜினுக்குள் போகும் எதையும் (பிஸ்டன், ரிங், வால்வ், கிளட்ச் பிளேட், ஆயில் சீல், பேக்கிங்) அவரிடமே விடுங்கள். பிரித்துப் பார்த்த பிறகுதான் என்ன வேண்டும் என்று அவருக்கே தெரியும். பிரேக் சாமானை வாங்குவதாக இருந்தால், அவர் சொன்ன கம்பெனியை, பில் தரும் கடையில் மட்டும் வாங்குங்கள். டூப்ளிகேட் புழங்கும் பொருள் அது, உயிர் சம்பந்தப்பட்டதும்கூட.

பிரித்த பிறகு சாமான் சேரவில்லை என்றால்?

பிரித்த வேலைக்கும் திரும்பப் பூட்டும் வேலைக்கும் காசு கொடுங்கள். சாமான் மாறவில்லையே என்று கையை விரிக்கக் கூடாது. அவருடைய நேரம் போய்விட்டது.

‘கொஞ்சம் அராவி உள்ளே தள்ளிடுங்கண்ணா’ என்று மட்டும் சொல்லாதீர்கள். லக்கேஜ் கேரியர் கிளாம்பில் துளையைக் கொஞ்சம் பெரிதாக்குவது வேறு. பிரேக், ஆக்ஸில், ஃபோர்க் பக்கம் அராவிச் சேர்த்த எதுவும் வண்டியில் இருக்கக் கூடாது. இன்னொன்று: கிரீஸ் பட்ட சாமானை ஆன்லைன் கடை திரும்ப எடுப்பது கஷ்டம். அதனால் பூட்டும் முன் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லி, அவர் ‘சேரும்’ என்று சொன்ன பிறகு கவரைக் கிழியுங்கள்.

பிறகு கெட்டுப்போனால் யார் பொறுப்பு?

சாமான் கெட்டால் வாங்கியவர் பொறுப்பு, பூட்டியதில் குறை இருந்தால் பூட்டியவர் பொறுப்பு. நீங்கள் வாங்கிய வீல் பேரிங் சீக்கிரமே சத்தம் போட்டால் மறுபடி கழற்றிப் பூட்டவும் காசு கொடுக்கவேண்டும், இலவசமாகச் செய்து தரச் சொல்ல முடியாது. போல்ட்டைச் சரியாக இறுக்காமல் விட்டுவிட்டார், வாஷரை மறந்துவிட்டார், மரை போகும் அளவுக்கு இறுக்கிவிட்டார் என்றால் அவர் சரிசெய்து தரவேண்டும். அதைத் தயங்காமல் கேட்கலாம்.

எது சாமான் குறை, எது வேலைக் குறை என்று பிரித்துச் சொல்வது சில நேரம் கஷ்டம்தான். பேட் சத்தம் போடுகிறது என்றால் மட்டமான பேட்டாகவும் இருக்கலாம், காலிப்பர் பின்னைச் சுத்தம் செய்யாமல் பூட்டியதாகவும் இருக்கலாம். அந்த மாதிரி நேரத்தில் “என்னன்னு பாருங்கண்ணா, இதுக்கு ஆகுறதை வாங்கிக்கோங்க” என்று போவதே நல்லது. குற்றம் சாட்டிக்கொண்டே உள்ளே நுழைந்தால் உண்மை வெளியே வராது. பில்லை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள். விற்ற கடையோடு தகராறு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் வெளிச் சாமானை மாட்டுவார்களா?

பெரும்பாலும் மாட்டமாட்டார்கள். மாட்டினாலும் ஜாப் கார்டில் ‘வாடிக்கையாளர் கொண்டுவந்த சாமான்’ என்று எழுதிவிடுவார்கள். அங்கே கவுன்டரில் நிற்பவரிடம் வாதாடிப் பயனில்லை, விதி அவர் போட்டது இல்லை. வாரண்டி இருக்கும் வண்டியில் வயரை வெட்டி மாட்டும் எதையும் செய்யாதீர்கள். வெளிச் சாமானால் வந்த கோளாறுக்கு வாரண்டி கிடையாது என்று வாரண்டிப் புத்தகங்கள் சொல்வது வழக்கம். வேலை தொடங்கும் முன்பே அந்தப் பக்கத்தைப் படித்துவிடுங்கள்.

வெளியில் ரிப்பேர் பார்க்கும் உரிமை பற்றியும் ஒரு வார்த்தை. 2014 ஆகஸ்ட்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களை வெளிச்சந்தையில் கிடைக்கவிடாமல் செய்ததும், வெளி மெக்கானிக்கிடம் போனாலே வாரண்டி போய்விடும் என்று பொதுவாக நிபந்தனை போட்டதும் அதில் குற்றமாகக் காட்டப்பட்டன. அது கார் வழக்கு, பின்னர் மேல்முறையீடுகளுக்கும் போனது. ஆனால் தெருமுனை மெக்கானிக்குக்குச் சாமான் கிடைக்கவேண்டும் என்ற கொள்கை எனக்கு முக்கியமாகப் படுகிறது. பைக் வைத்திருப்பவர்களும் இதை அறிந்திருக்கவேண்டும்.

ஆன்லைனில் டயர் வாங்கினால்?

மெக்கானிக்கிடம் போகாதீர்கள், டயர் கடைக்குப் போங்கள். அலாய் வீலை லிவர் போட்டு நெம்பினால் கீறல் விழும், டயர் கடையில் மெஷின் இருக்கும். தங்களிடம் வாங்காத டயருக்குத் தனியாகக் காசு கேட்பார்கள், அது நியாயம். போகும் முன் டயர் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 1525 என்றால் 2025ஆம் ஆண்டின் 15ஆவது வாரத்தில் தயாரானது. சுழலும் திசைக்கான அம்புக்குறியும் இருக்கும், மாட்டியதும் அதைப் பார்த்துவிடுங்கள்.

சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் வாங்கிய சாமானைக் கொடுத்தால் மாட்டுவாரா?

சாமானைப் பொறுத்தது. மீட்டர் கவர், மட்கார்டு, சைடு பேனல் என்றால் சந்தோஷமாக மாட்டுவார். கம்பெனி உற்பத்தியை நிறுத்திவிட்ட வண்டிகளுக்குப் புதுப்பேட்டையை விட்டால் வேறு கதியும் இல்லை. பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகளை இன்னும் ஓட்டுபவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

எண் அடித்த இன்ஜின் கேஸ், சேஸிஸ் என்றால் பில் இல்லாமல் அவர் கையில் கொடுக்காதீர்கள். திருட்டு வண்டியின் சாமானாக இருந்தால் போலீஸ் அவர் கடைக்கும் வரும். எங்கே வாங்கியது என்று அவர் துருவிக் கேட்டால் கோபப்படாமல் பதில் சொல்லுங்கள்.

சத்தம் போடும் சைலன்சர், பல குரல் ஹார்ன் மாட்ட மறுக்கிறாரே?

மறுப்பதுதான் சரி. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு வண்டியை இஷ்டத்துக்கு மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, சட்டம் அனுமதிக்காத ஒவ்வொரு மாற்றத்துக்கும் வண்டி உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. பல குரலில் அடிக்கும் ஹார்னுக்கு மத்திய மோட்டார் வாகன விதி 119 தடை போடுகிறது. ‘நான் பார்த்துக்கிறேன், நீங்க மாட்டுங்க’ என்று வற்புறுத்துவது அவரை வம்பில் இழுத்துவிடுவது. அந்தத் தெரு வீடுகளில் தூங்கும் குழந்தையையும் நோயாளியையும்கூட நினைத்துப் பார்க்கவேண்டும்.

எந்த நாளில் கொண்டுபோவது? பக்கத்தில் நின்று பார்க்கலாமா?

ஞாயிறு காலை வேண்டாம், வேலைக்குப் போகும் எல்லோரும் அன்றுதான் வருவார்கள். ஆயுத பூஜைக்கு முந்தின சில நாட்களிலும் வேண்டவே வேண்டாம். வாரநாள் மதியத்துக்கு மேல் போனால் நிதானமாகப் பார்ப்பார். நம் சாமான் என்பதால் கூட்டத்தில் நமக்கு முன்னுரிமை இல்லை என்பதையும் ஏற்றுக்கொள்ளவேண்டும்.

பக்கத்தில் நிற்கலாம், பார்க்கலாம், சந்தேகம் கேட்கலாம். யூடியூப்பில் பார்த்த முறையை ஸ்பேனர் கையில் இருப்பவருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கக் கூடாது. முடிந்ததும் ஒரு டிரையல் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கூட நின்று வேலை செய்த பையனுக்கு டீக்காசு கொடுப்பது நல்ல பழக்கம்.

கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கலாமா?

வாங்கலாம், அது உங்களுடையது. ஆனால் வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அது மூலையில் இருக்கும் டப்பாவுக்குப் போய், பிறகு காயலான் கடைக்குப் போய்விடும். உங்களுக்குத் தேவையில்லை என்றால் விட்டுவிட்டு வாருங்கள். செட்டில் மீந்த வாஷர், கிளிப் போன்றவற்றை மட்டும் கேட்டு வாங்கி சீட்டுக்கு அடியில் போட்டு வையுங்கள்.

இவ்வளவும் செய்தும் ‘வெளிச் சாமான் மாட்டமாட்டேன்’ என்கிறார். என்ன செய்வது?

“சரிண்ணா” என்று சொல்லிவிட்டு வேறு கடை பாருங்கள். அவர் கடை, அவர் முடிவு. பலமுறை கெட்ட பெயர் வாங்கிய பிறகு அப்படி முடிவு செய்திருப்பார். அந்த ஒரு வேலைக்கு வேறு இடத்துக்குப் போனதை மறைக்கவும் வேண்டாம். அடுத்த சர்வீஸுக்கு வண்டியை அவரிடமே விடும்போது, “பேட் மட்டும் வெளியில மாத்தினேன், ஒரு தடவை பார்த்துடுங்க” என்று சொல்லுங்கள். பிரேக்கை இரண்டாவது முறையாக ஒரு நல்ல மெக்கானிக் பார்த்தது போலவும் ஆகும்.